டக்கார் செனகல்காரன்தான்

ஹலோ… யாரு? … அட, போனை எடுத்ததும் ‘எஸ்மண்ட் ஐயா, உங்க காளை விஷயம்’னா? ஒரு காலை வணக்கம் கிடையாதா? இந்தக் காலத்து ஆளுங்க வணக்கம் சொல்லாமலே உள்ள நுழையிறீங்க. நம்ம செயின்ட் குரோய் தீவுல பிச்சைக்காரன்கூட வணக்கம் சொல்லிட்டுத்தான் கையை நீட்டுவான்… ம். காலை வணக்கம். இப்பச் சொல்லு, தைராம்மா.

ஆமா, ஆமா, நாளைக்கு மாட்டுக் கண்காட்சி. டக்காரைத் தேய்ச்சுக் குளிப்பாட்டியாச்சு. என்னையும்தான். எப்பவும்போல அவன் பக்கத்துல நின்னு, நம்ம செனெபோல் மாட்டு இனம் செனகல்லேர்ந்து கப்பல்ல வந்த கதையை… என்னத்தை மாத்தணும்? … ஓ, உங்க கால்நடை ஆபீஸ்காரங்க பூர்வீகம் சோதிக்க வால்முடி பிடுங்கிட்டுப் போனாங்களே, அதுவா? மெதுவாச் சொல்லு, நான் மூணாங்கிளாஸைத் தாண்டாதவன்…

ஐரோப்பாவா? … செனகல் தலைநகர் பேரை வச்ச என் டக்காரா? … கொஞ்சம் திமில் மாட்டு ரத்தமா, சரி, இருந்துட்டுப் போகட்டும். செனகல்? … தூசியளவுதானா?

இரு, இரு, நான் சொல்றதைக் கேளு.

செவப்பு நிறமும் கொம்பில்லாத தலையும் இங்கிலீஷ் காளை கொடுத்தது, அது எனக்கும் தெரியும். வெயில் தாங்குற உடம்பு எங்கேர்ந்து வந்தது? மத்தியானம் நான் மாமரத்தடியில நாய் மாதிரி இரைக்கிறேன், அவன் நடுவெயில்ல புல்லு மேயறான்… முடி குட்டையா இருக்கிறதாலயா? என் மண்டையில முடியே இல்லை, நான் ஏன் தாங்கலை? … சிரிக்காதே.

முப்பது வருஷமா செனகல் தொப்பி போட்டுக்கிட்டு நின்னேன். அது சீனாவுல தைச்சதுன்னு உள்ளே துணியிலயே எழுதியிருக்கு. கப்பல்லேர்ந்து காளை நீந்திக் கரையேறுச்சுன்னேனே, அது நானாச் சேர்த்தது. அந்தத் துண்டை வேணா வெட்டிடு.

என்ன? … டக்கார் மட்டும் வந்தாப் போதுமா? நீ தாளைப் பாத்துப் படிப்பே, நான் சும்மா நிக்கணுமா? என்னைத் தவிர யார் பின்னாலயும் வரமாட்டான் அவன்! … சரி, அதுவும் பொய். நேத்து ரொட்டி விக்கிறவன் பின்னால சாலை வரைக்கும் போயிட்டான். சாதுவா இருந்தாத் தொல்லைதான்.

…இல்லைம்மா, கோபம் இல்லை. எங்க ஆளுங்க ஆப்பிரிக்காவுல எந்தக் கரையில அடிமையாக் கப்பலேத்தப்பட்டாங்கன்னு சொல்ல ஒருத்தரும் இல்லை. இந்த மாட்டுக்காவது ஒரு ஊர் பேரு இருந்துச்சு. அதை நான் கொஞ்சம் ஒட்டிக்கிட்டேன், உண்ணி மாதிரி. இப்ப அதையும் பிடுங்கிப் போடுறீங்க.

எனக்குமா? எச்சில் துப்பினா என் ஊரையும் கண்டுபிடிச்சுடுவாங்களா? துப்புறதுக்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனா உன் குழாய்க்குள்ள துப்பமாட்டேன். அங்கேயும் செனகல் தூசியளவுதான்னு வந்துட்டா?

கேளு. நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் வருவோம். நீ உன் தாளைப் படி. அப்புறம் நான் செனகல்னு சொல்லுவேன். நீ இல்லைன்னு சொல்லு. நான் ஆமான்னு சொல்லுவேன். சனங்க எந்தப் பக்கம் வேணா கை தட்டட்டும்.

…ஆமா… ஆமா… அறிவியல்… ஆமா. போனை வேலிக் கட்டை மேல வைக்கிறேன், நீ பாட்டுக்கு விளக்கிக்கிட்டே இரு, எனக்குத் தண்ணி காட்டுற வேலை இருக்கு. டேய் டக்கார், இங்க வாடா… வா வா, செனகல்காரா…