ரெண்டாஞ் சனிக்கிழமை

அழுவட்டும் உடுங்கம்மா. இப்ப நீங்க எழுந்து போனீங்கன்னா உங்க சீலையப் புடிச்சுக்கும், அப்புறம் கிரவுண்டுப் பக்கமே கால் வைக்காது. ஆபீசு அஃப்சானா மேடம் பக்கத்துலதான நிக்கறாங்க, அவங்க பாத்துக்குவாங்க. நீங்க இப்பிடி நெழல்ல உக்காருங்க. மொத தடவையா கூட்டியாறீங்களா? அதான பாத்தேன். ரெண்டாஞ் சனிக்கிழமைக்கு இங்க வர்ற மூஞ்சிங்க எல்லாம் எனக்குத் தெரியும்.

மூணு வாரந்தான் ஆச்சா? அப்ப அது சோறு திங்கறதே பெருசுங்க. பேசலியா? பேசும். எங்க புள்ள வாயத் தொறக்க அஞ்சு மாசம் ஆச்சு.

எம்பேரு மாதேஸ்வரனுங்க. பாப்பாரப்பட்டிக்கு அந்தாண்ட. மல்பெரி வச்சுப் பட்டுப்புழு வளக்கறோம். எங்களுக்குப் புள்ள இல்லீங்க. தத்துக்கு எழுதி வச்சுட்டுக் காத்துக் காத்துக் கெடந்தோம். அப்பத்தான் புள்ளைங்க பாதுகாப்பு ஆபீசுல கேட்டாங்க, பெத்தவங்க பாக்க முடியாத புள்ளைங்க இருக்கு, வூட்டுல வச்சு வளத்துத் தர்றீங்களான்னு. இது தத்து இல்ல, பெத்தவங்க தேறி வந்தா திருப்பிக் குடுத்துரணும்னு அன்னிக்கே வெளக்கமாத்தான் சொன்னாங்க. உங்களுக்கும் சொல்லியிருப்பாங்க. எங்கூட்டுக்காரி அமுதவல்லி எல்லாத்துக்கும் சரி சரின்னா. நானுந்தான். அந்த நேரத்துல காதுல எதுங்க ஏறுது.

கலைமதின்னு பேரு. ஒம்பது வயசு. அப்பன் லாரில போன எடத்துல செத்துட்டான். அதுல அம்மாக்காரி பாஞ்சாலிக்கு மனசு கலங்கிப்போயி, புள்ளையக் கையில புடிச்சுக்கிட்டு ரோடு ரோடா சுத்தியிருக்குது. அதக் கொண்டுபோயி ஆஸ்பத்திரில சேத்துட்டு, புள்ளைய எங்க வூட்டுக்கு அனுப்புனாங்க. வர்றப்ப தோள்ல ஒரு பை. அதக் கழட்டவே இல்லீங்க. சோறு திங்கறப்பவும் தோள்லயே. படுக்கறப்ப செருப்பு போட்டுக்கிட்டே படுத்துக்குவா. அமுதவல்லி கழட்டப் போனா, மேடம் வேணாம்னுட்டாங்க. நம்பிக்க வந்தா அவளே கழட்டுவான்னாங்க. ஊர்ல கேக்கறாங்க, ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு சொல்லுவாங்களே, உனக்கு எந்தப் புள்ள வளரப் போவுதுன்னு.

மொத வார்த்த என்னா தெரியுங்களா? புழு பெருசாயிட்டா, தழ திங்கற சத்தம் சோன்னு தூறல் போடற மாதிரி கேக்கும். ஒரு நா புழு ஷெட்டு வாசல்ல நின்னு கேட்டுட்டு, மழ பெய்யுதான்னா. அமுதவல்லி கையில இருந்த தழக்கட்ட அப்பிடியே கீழ போட்டுட்டா. ஆமா கண்ணு, பெய்யுதுன்னுட்டேன். வெளியாளுங்கள ஷெட்டுக்குள்ள உடமாட்டோங்க, புழுவுக்கு நோவு வந்துரும். அன்னிக்கி அவளக் கை கால் கழுவச் சொல்லி உள்ள கூட்டிட்டுப் போனேன். பையக் கழட்டி வெளிய ஆணியில மாட்டிட்டுத்தான் வந்தா.

அப்புறம் இந்த கிரவுண்டுதாங்க. ஓடவே மாட்டா. அந்தக் கோடியில நின்னுக்குவா. விசில் வச்சிருக்காரு பாருங்க, தீர்த்தகிரி சார், அவருதான், நிக்கறதுன்னா கோலுக்கு முன்னால நில்லுன்னு கையில கிளவுஸ மாட்டி உட்டாரு. கோல் கீப்பருன்னா சும்மா நின்னா ஆவாதாம். முன்னாடி இருக்கறவங்களுக்குச் சத்தம் போட்டுச் சொல்லணுமாம். இவளாவது சத்தம் போடறதாவதுன்னு நான் நெனச்சேன். ரெண்டு மூணு மாசம் பந்தெல்லாம் உள்ளதான் போச்சு. ஒரு நா, இதே எடத்துல நான் உக்காந்திருக்கேன், அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம். வுடு, வுடு, நான் பாத்துக்கறேன்னு. யாரோ பெரிய பொண்ணுன்னு நெனச்சேன். பாத்தா எங்க புள்ள.

அதுலருந்து வூட்டுலயும் வாய் ஓயல. பஸ்ஸுல போறப்பகூட எவன் எப்பிடி அடிச்சான், இவ எப்பிடிப் புடிச்சான்னு ஒரே பேச்சு. இங்க வெளையாட்டு மட்டுமில்லீங்க. மத்தியானம் கணக்கு சொல்லித் தருவாங்க, தனியா உக்கார வச்சு மேடம் பேசுவாங்க. இங்க வர்றதெல்லாம் நம்ம மாதிரி வூடுங்கள்ல வளர்ற புள்ளைங்கதான, உங்கப்பா யாரு உங்கம்மா யாருன்னு எந்தப் புள்ளையும் இன்னொரு புள்ளையக் கேக்காது. அதுவே பெரிய விசயமுங்க.

என்னைய ஏங்கன்னுதான் கலைமதி கூப்புடுவா, அமுதவல்லி கூப்புடறதப் பாத்து. மேடம் சொல்லியிருந்தாங்க, அப்பா அம்மான்னு கூப்புடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீங்கன்னு. நாங்களும் கேக்கல. மொரப்பூர்ல ஒரு மேட்சு. பந்து நேரா மூக்குல அடிச்சு ரத்தம். கீழ உழுந்தவ அப்பான்னு கத்துனா. செத்துப்போன அப்பனக் கூப்புட்டாளா, என்னையக் கூப்புட்டாளா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் ஓடுனேன். துண்ட மூக்குல வச்சு அழுத்திக்கிட்டுத் தூக்கியாந்தேன். அப்புறம் அவளும் அதப் பத்திப் பேசல, நானும் கேக்கல.

எது எங்க புள்ளைன்னு கேக்கறீங்களா?

இதுல இல்லீங்கம்மா. அந்த செவப்புச் சட்டையும் இல்ல. எங்க புள்ள போயிட்டா.

ஐயையோ, அப்பிடி இல்லீங்க. அவங்கம்மாகிட்டப் போயிட்டா. பாஞ்சாலிக்கு நல்லாயிருச்சு. பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போவுது. ஒரு நா எங்க வூட்டுக்கே வந்துச்சு. அமுதவல்லி கால்ல உழுந்து அழுதுச்சு. அதும்மேல என்னாங்க கோவப்படறது? பெத்தவ. புள்ளைங்க நலக் கமிட்டில கலைமதியக் கேட்டாங்க. அம்மாகூடப் போறேன்னா. சொல்லிட்டு எங்களத் திரும்பிப் பாத்தா. நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். வேற என்னா பண்றது. முழுப் பரிச்ச முடிஞ்சு கூட்டிட்டுப் போயிட்டாங்க.

மொதல்ல ஞாயித்துக்கெழமன்னா போன் வரும். இங்க பந்து இல்லம்பா, தங்கிருக்கற எடத்துல ஸ்கூல் தூரம்பா. அப்புறம் அந்த நம்பரு போவல. மேடத்தக் கேட்டேன். அவங்களும் எழுதித்தான் இருக்காங்க, வேற ஸ்டேட்டு, அங்க இருக்கறவங்க போயிப் பாத்து பதில் போடணுமாம். மனசு கேக்காம நானே பெங்களூர் போனேன். பாஞ்சாலி வேலை செஞ்ச கட்டடம் முடிஞ்சு பெயிண்டு அடிச்சு நிக்குது. தகரக் கொட்டாயெல்லாம் பிரிச்சாச்சு. வாட்ச்மேனைக் கேட்டா கொத்தில்லப்பாங்கறான். தெரியாதுங்கறதத்தான் கன்னடத்துல சொல்றான். கூட வேலை செஞ்சவங்க யாராவதுன்னேன். அதுக்கும் கொத்தில்ல. அவ்ளோ பெரிய ஊருங்க. எந்தப் பக்கம் திரும்பறதுன்னே தெரியல. சாயந்தரம் வரைக்கும் அந்த கேட்டுகிட்டயே நின்னுட்டு பஸ் ஏறிட்டேன்.

வூட்டுக்கு வந்தா அமுதவல்லி வாசல்ல நிக்கறா. புள்ள போனதுலருந்து அவ சரியா சோறு திங்கல, பாதியா எளச்சுப் போயிட்டா. பாத்தீங்களான்னா. அந்த மூஞ்சியப் பாத்து எப்பிடிங்க இல்லேன்னு சொல்றது. பாத்தேன், நல்லாருக்கா, ஸ்கூலுக்குப் போறான்னுட்டேன். அத்தோட உட்டிருக்கலாம். மாசா மாசம் ரெண்டாஞ் சனிக்கிழமை பாஞ்சாலி அவள இங்க தர்மபுரிக்குக் கூட்டியாந்து மேடத்துகிட்டக் காட்டச் சொல்லி ஆர்டரு, நான் போயிப் பாத்துட்டு வர்றேன்னும் சொல்லிட்டேன். அன்னிக்கி ரெண்டு தோச தின்னா.

அதான் வர்றேங்க. வந்து உக்காந்து, இந்தப் புள்ளைங்க வெளையாடறதப் பாத்துட்டுப் போயி, அவ இன்னிக்கி ரெண்டு கோல் தடுத்தா, கொஞ்சம் வளந்துட்டாம்பேன். அமுதவல்லி எல்லாத்தையும் கேட்டுக்குவா. நானும் வர்றேம்பா. தழ போட ஆளு வேணுமேன்னு நிறுத்தி வச்சிருக்கேன். இந்தப் பட்டுக்கூடு வித்துட்டோம்னா அடுத்த மாசம் ஷெட்டுல புழு இருக்காது. புள்ளைக்குச் சட்ட தெச்சு வச்சிருக்கா, அளவு பாக்கணுமாம். என்னா சொல்லித் தடுக்கறதுன்னு எனக்குத் தெரியலீங்கம்மா.

அட, உங்க புள்ள அழுகைய நிறுத்திருச்சு பாருங்க. இந்தாங்க, இனிப்புப் பணியாரம், அமுதவல்லி கலைமதிக்குன்னு காலைல சுட்டுக் குடுத்ததுதான். கொண்டுபோயிக் குடுங்க. தின்னுச்சான்னு மட்டும் வந்து சொல்லுங்க. வூட்டுக்குப் போனதும் மொதல்ல அதத்தான் கேப்பா.