நிமிர்த்திய பிரேக் பெடல்

மாலை ஏழு மணி இருக்கும். பழைய இரும்புக் கடையிலிருந்து ஊருக்குத் திரும்பும் சாலை... இரண்டு பக்கமும் ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. அந்தச் சாலையில் ஒருவர் தன்னந்தனியாக ஸ்கூட்டரில் வருகிறார். கால்களுக்கு நடுவில் ஒரு சாக்குப் பை. பைக்குள் ஒரு பிரேக் பெடல்.

சிரிக்காதீர்கள். பெடலில் என்ன பேய் இருக்கப்போகிறது என்று நானும் முதலில் சிரித்தவன்தான். கதவோரம் இருப்பவர் மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள்... ம், போதும்.

இது என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. நாங்களும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவோம். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பகலெல்லாம் எறும்புத் தலை அளவு திருகுகளை முடுக்குகிற மனிதர், கடையைச் சாத்தியதும் வீட்டை ஒட்டிய ஷெட்டுக்குப் போய் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் படுத்துக்கொள்வார். இரண்டே சீட். தரையோடு தரையாகக் கிடக்கும். நிறம் சிவப்பு என்று அவர் சொல்வார், துருவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நமக்கும் அப்படித் தோன்றலாம். மெக்கானிக்கின் நிழல் அதன் மேல் படக் கூடாது. சீட்டுக்கு உறை தைத்தது, சைலன்சரை மாற்றி உறும வைத்தது, எல்லாம் அவர் கைவேலை.

"நிக்கிறப்பவே இந்தப் பாடு படுத்துது. ஓடினா என்ன பண்ணுமோ" என்பாள் அக்கா. சொல்வாளே தவிர, கூப்பிட்டால் போய் உதவாமல் இருக்க மாட்டாள்.

அந்த ரக வண்டிக்கு பிரேக் பெடல் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. இரும்புக் கடையில் அதே ரகத்தில் ஒன்று, முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. பெடல் மட்டும் உடையாமல் இருந்தது. ஆனால் வளைந்திருந்தது... தரையை நோக்கி. விரல் தடிமன் இரும்பு. வேறு யாராவது என்றால் அங்கேயே போட்டுவிட்டு வந்திருப்பார்கள். அத்தானுக்கு வளைந்ததைக் கண்டால் கை சும்மா இருக்காது. வீட்டுக்குக் கொண்டுவந்து, பழுக்கக் காய்ச்சி, சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். காய்ச்சும்போது ரப்பர் கருகிய வாசனை வந்தது. பெடலில் இருந்த ரப்பரை அவர் முன்பே உரித்துப் போட்டிருந்தார். கையிலிருந்து இரும்பில் ஒட்டிய எண்ணெய் கருகுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பெடலைப் பொருத்தி, பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்க அத்தானும் அக்காவும் உட்கார்ந்தார்கள். அது இரண்டு பேர் வேலை. வண்டியைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டுகள் மேல் நிறுத்தி, நாலு சக்கரத்தையும் கழற்றிவிட வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, திருகைத் திறந்து எண்ணெயோடு காற்றை வெளியேற்றி மூட வேண்டும். கீழே இருப்பவருக்கு மேலே இருப்பவர் தெரியாது. குரல்தான் துணை.

"அழுத்து."

"அழுத்திட்டேன்."

"விடு."

"விட்டுட்டேன்."

மூன்று சக்கரம் இப்படியே முடிந்தது. நான்காவதில் அக்கா பதில் சொல்லவில்லை. ஆனால் அழுத்து என்றால் பெடல் கிரீச்சென்று இறங்கியது, விடு என்றால் கிரீச்சென்று ஏறியது. குழாயில் முட்டை முட்டையாகக் காற்று வந்தது. கோபமாக இருக்கிறாள் போல என்று அத்தான் வேலையைப் பார்த்தார். கடைசியாக, விடு என்றார். கிரீச் சத்தம் இல்லை.

"விடும்மா, முடிஞ்சுது."

இல்லை. அப்போது வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் சிரிப்பு கேட்டது. சமையலறையில் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருக்கிறாள்... கொஞ்ச நேரமாகவே பேசிக்கொண்டிருக்கிறாள்.

அத்தான் தவழ்ந்து வெளியே வந்து எட்டிப் பார்த்தார். சீட்டில் யாரும் இல்லை. பெடல் தரையோடு ஒட்டிக் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து, தானே மெல்ல மேலே வந்தது.

ஸ்பிரிங் போய்விட்டது என்று முடிவு செய்தார். பாருங்கள், கைவேலைக்காரர்களுக்கு எதற்கும் ஒரு ஸ்பிரிங் காரணம் கிடைத்துவிடும். புது ஸ்பிரிங் போட்டார். அன்று இரவு ஷெட் கதவின் இடுக்கில் சிவப்பு வெளிச்சம். பிரேக் விளக்கு. பாட்டரி வயரைக் கழற்றினார். படுக்கப் போய்த் திரும்பிப் பார்த்தால்... சிவப்பு வெளிச்சம்.

அவர் அக்காவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், மெக்கானிக்கிடம் கொடுங்கள் என்று நான் அன்றைக்கே சொல்லவில்லையா என்பாள். அந்தப் பேச்சுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார். மறுநாள் கடையை அரை நாளில் சாத்திவிட்டு இரும்புக் கடைக்குப் போனார்.

"அந்த வண்டியா" என்றார் இரும்புக் கடைக்காரர். "மலை இறக்கத்துல வந்தப்போ பிரேக் பிடிக்காம, வளைவுல திரும்ப முடியாமப் பாறையில மோதிருச்சு. ஓட்டினது பொண்டாட்டி. புருஷன் பக்கத்துல உக்காந்து அழுத்து அழுத்துன்னு கத்தினாராம். ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தார், அதைத்தான் சொல்லிக்கிட்டே போய்ச் சேர்ந்தார். அந்த அம்மா அங்கேயே முடிஞ்சுட்டாங்க. பெடல்லேருந்து காலை எடுக்கவே முடியலையாம்."

"பிரேக் ஏன் பிடிக்கல?"

"முந்தின நாள்தான் அவரே சொந்தமா கழட்டி மாட்டினாராம். அதுல அவருக்கு ரொம்பப் பெருமை."

அத்தான் ஸ்கூட்டரைக் கிளப்பினார். அதே சாலை. இருட்டிக்கொண்டு வந்தது. பாதி வழியில் மனசு கேட்காமல் ஓரமாக நிறுத்தி, வீட்டுக்குப் போன் போட்டார். ரொம்ப நேரம் மணி அடித்தது. அப்புறம் அக்கா எடுத்தாள்.

"ஷெட் பக்கம் போகாதே" என்றார் அத்தான்.

அக்கா குரல் களைத்திருந்தது. "என்ன விளையாட்டுங்க இது. நீங்கதானே வந்து உக்காருன்னு கூப்பிட்டீங்க. அடியில படுத்துக்கிட்டே எதுக்குப் போன் பண்றீங்க?"

அத்தான் போனைக் காதோடு இறுக்கிக்கொண்டார்.

"எவ்வளவு நேரமா அழுத்திட்டு இருக்கேன். அழுத்து அழுத்துன்னே சொல்றீங்க. எப்பதான் விடச் சொல்வீங்க?"

"விடு. விட்டுட்டு இறங்கி வெளிய வா."

மூச்சு வாங்கும் சத்தம். அப்புறம் சின்னக் குரலில், "கால் வர மாட்டேங்குதுங்க."

அதற்கும் கீழே, வண்டிக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி, இன்னொரு குரல் போனில் கேட்டது. பொறுமையான குரல். "இன்னும் கொஞ்சம் அழுத்தும்மா." அது அத்தானுடைய குரல்.

எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. வண்டி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. ஸ்டாண்டுகளின் மேல், ஒரு சக்கரம் கூட இல்லாமல். உள்ளே அக்கா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வாரிப் பின்னியிருந்த தலைமுடி காற்றில் அலைந்தது போலக் கலைந்து, முகமெல்லாம் சாலைப் புழுதி. முன் கண்ணாடி பூராவும் பூச்சிகள் அடிபட்டு ஒட்டியிருந்தன... சிலதுக்கு இன்னும் உயிர் இருந்தது. கருகிய ரப்பர் வாசனையில் மூச்சு முட்டியது.

கூப்பிட்டார், கெஞ்சினார். காலைப் பிடித்து இழுத்தார். கடைசியில் ரம்பத்தை எடுத்துப் பெடலையே அறுத்துத்தான் அக்காவை வெளியே தூக்கினார். பெடல் அதற்குள் பழையபடி வளைந்திருந்தது.

வண்டியை உடைக்கக் கொடுத்துவிட்டார். இப்போது அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள். வேலைக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள், அத்தானோடு சண்டை போடுகிறாள். அன்று நடந்தது ஒன்றும் ஞாபகம் இல்லை. தூங்கினால் மட்டும்... வலது கால் நீண்டு கட்டில் பலகையை மிதிக்கும். விடியும்வரை எடுக்காது. பலகை ஒரு தடவை பிளந்தே விட்டது. டாக்டர்கள் நரம்பு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். கட்டிலை விட்டுத் தரையில் படுக்க வைத்தாலும் கால் எதையோ மிதித்துக்கொண்டுதான் இருக்கிறது. அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்து ராத்திரி முழுக்கச் சொல்கிறார், விடும்மா, விடும்மா என்று. அவர் குரல் அவளுக்குக் கேட்பதில்லை.

தூக்கத்தில் அவள் பேசியதே இல்லை. நேற்றுதான் முதல் தடவையாகப் பேசினாளாம், நண்பன் போன் செய்து அழுதான். கண் மூடியபடியே அத்தான் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்...

"ஏங்க, வளைவு தெரியுது."