மஞ்சள் வைத்த மூலை

உங்கள் மடியில் தண்ணீரைக் கவிழ்க்கலாமா என்று உங்கள் காதுபடவே ரெண்டு பேர் பேசினால் என்ன செய்வீர்கள்? நான் காதில் பாட்டு ஓடாத இயர்போனோடு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். மராத்தி பேசும் ஊர்; பஸ் போபோடி ஸ்டாப்பைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் யூனிஃபார்மில் ஒரு பொண்ணு, அவளுக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா. பொண்ணு கையில் எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர், அதை மூடி ஒரு கல்யாணப் பத்திரிகை.

“இப்டியே கவுத்தா தண்ணி விழாதும்மா. கீழேர்ந்து ஹவா, அதான் காத்து, தாங்கிக்கும்.”

“விழுந்தா?”

“கிளாஸ்ல சார் தலைக்கு மேல கவுத்துக் காட்டணும். விழுந்தா சார் நனைஞ்சிருவாரு, என்னை சயின்ஸ் போட்டிக்கு அனுப்ப மாட்டாரு. அதான் இங்க ஒருவாட்டி பாத்துக்கறேன்.”

“இங்க எங்கடி?”

“இந்த அண்ணா மேல. மதராசி மாதிரி தெரியல, தமிழ் புரியாது.”

“பாவம்டி, ஆபீஸ் போற புள்ள.”

“வீட்ல ஒழுகுச்சும்மா. நீ மூலைல மஞ்சளை அப்பி வெச்சிருக்க, அங்கதான் கேப் விழுது.”

“மஞ்சள் வெக்காம யாருடி பத்திரிகை குடுப்பா?” அம்மா கொஞ்சம் யோசித்தார். “சரி, அந்த மூலைய அவரு பக்கம் திருப்பிக்கோ. உன் யூனிஃபார்ம் நனையக் கூடாது.”

இப்போது டம்ளர் தலைகீழாக, மஞ்சள் மூலை என் பக்கமாக, என் லேப்டாப் பைக்கு மேலே இருக்கிறது; பத்திரிகையை அவள் உள்ளங்கை இன்னும் தாங்கியிருக்கிறது. பஸ் சிக்னலில் நிற்கிறது.