அக்காவின் குரலைத் தொகுத்த கைகளுக்கு

கவிதைப் படப் பிரிவின் கண்ணே, காதே, கண்டிப்பே! காட்சியைக் கவிதையாக்கி, கவிதையைக் காட்சியாக்கி, கடைசியில் எது எதுவென்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாதபடி கலந்து தந்த கலைஞரே! சொல்லுக்கும் படத்துக்கும் சண்டை வந்த போதெல்லாம் சம்மன் இல்லாமல் ஆஜராகிச் சமாதானம் செய்துவைத்த சான்றோரே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரிய கத்தரியாரே! வணக்கம்.

இதற்கு மேல் அடைமொழி கிடையாது. இருந்தவையெல்லாம் போன வாரமே உங்கள் கையில் மாட்டி உயிரை விட்டன. இந்தப் பணி ஓய்வு மடலின் முதல் படியைக் கொண்டுவந்து காட்டியபோது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "என்னப்பா இது, கல்வெட்டா? 'தாங்கள்'னு வர்ற எடமெல்லாம் 'நீங்கள்'னு போடு. பாதிய வெட்டு. மிச்சத்துல நடந்தத எழுது" என்றீர்கள். நடந்தது என்றால் எது என்று நாங்கள் கேட்கவில்லை. அது உங்களுக்கும் எங்களுக்கும் தெரியும். இந்த அரங்கின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் அக்கா மகளுக்கும் தெரியும். அவருடைய சம்மதத்தோடுதான் இதை வாசிக்கிறோம்.

முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் இங்கே படத்தொகுப்பாளராக வந்தபோது, குரலில் கவிதையும் திரையில் காட்சியுமாக ஓடும் கவிதைப் படம் என்பது பாடப் புத்தகத்துக்குப் படம் போடுவது போல இருந்ததாம். கவிதையில் நிலா வந்தால் திரையிலும் நிலா. கவிதை கலங்கினால் திரையில் ஒருத்தி கண்ணைத் துடைப்பாள். வந்த முதல் மாதத்திலேயே அதற்கு முற்றுப்புள்ளி வைத்தீர்கள். கவிதையில் கதவு வந்ததென்று ஆசை ஆசையாய்க் கதவைப் படம்பிடித்து வந்த ஒளிப்பதிவாளரிடம், "கதவுன்னு சொன்னதும் கதவக் காட்டுறதுக்கு நீ எதுக்குப்பா, தச்சன் போதுமே" என்றீர்கள். அவர் இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேறொரு படத்தோடு வந்தார். சொன்னதைக் காட்டாதே, காட்டியதைச் சொல்லாதே என்பது அன்றிலிருந்து இந்தப் பிரிவின் சட்டம்.

ஒரு தந்தையின் கோபத்தைப் பற்றிய கவிதைக்கு, சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறும் இரண்டு கட்டை விரல்களை மட்டும் வைத்தீர்கள். படத்தைப் பார்த்த கவிஞர், "எங்கப்பாவ நீங்க எங்க பாத்தீங்க?" என்று கேட்டார். கதையில்லை, நாயகனில்லை, உட்கார்ந்து சாய்வதற்குள் முடிந்துவிடுகிறது, இதெல்லாம் ஒரு சினிமாவா என்று மேலிடத்திலிருந்து வந்தவர்கள் கேட்டபோது, "கதை சொல்றது சினிமா செய்யுற வேலைகள்ல ஒண்ணு சார். பாக்க வைக்கிறதுதான் அதோட பொழப்பு" என்றீர்கள். வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டே போனார்கள். புரிந்ததா என்று தெரியவில்லை. உணவகத்துத் தொலைக்காட்சியில் நம் படம் ஓடியபோது, பாத்திரம் எடுக்க வந்தவர் "வெளம்பரம் முடிஞ்சு படம் எப்ப சார் போடுவாங்க?" என்று கேட்டதற்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவரும் நீங்கள்தான்.

படத்துக்கு நீங்கள் என்றால் குரலுக்கு உங்கள் அக்கா. உடன்பிறந்த அக்கா என்பதால் நீங்கள் அக்கா என்றீர்கள். நீங்கள் அழைத்ததால் நாங்களும் அக்கா என்றோம். கடைசியில் பிரிவு மேலாளர், அவரைவிட வயதில் மூத்தவர், அவரும் அக்கா என்றே அழைத்தார். தொகுப்பறைக்கும் குரல் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் அவர் வாசிப்பார், இந்தப் பக்கம் நீங்கள் கேட்பீர்கள். வாசித்து முடித்ததும் அக்கா நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பார். உங்கள் புருவம் அசையாவிட்டால் அந்தக் கவிதை தேறிவிட்டது.

வெளியார் அறியாத வழக்கம் ஒன்று நமக்கு உண்டு. குரல் கேட்க வேண்டும், ஆள் கேட்கக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வாசிப்பவர் இழுக்கிற மூச்சை வெட்டி எடுத்துவிடுவோம். வெட்டிய இடம் குழியாகத் தெரியாமல் இருக்க, அதே அறையின் வெற்று அமைதியைப் பதிவுசெய்து வைத்து, அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து அடைப்போம். அந்த அமைதியைப் பதிவுசெய்யும்போது பிரிவே இருந்த இடத்தில் சிலையாக உட்கார வேண்டும். யாராவது இருமினால் உங்கள் பார்வை ஒன்றே போதும், இருமல் வந்த வழியே திரும்பிப் போய்விடும். அப்படி நீங்கள் அடைத்த இடத்தை உலகத்தில் எந்தக் காதாலும் கண்டுபிடிக்க முடியாது. அதில் உங்களுக்குப் பெருமை இருந்தது. எங்களுக்கும் இருந்தது.

கடைசி இரண்டு ஆண்டுகளில் வெட்ட வேண்டிய மூச்சுகள் கூடிக்கொண்டே வந்தன. முன்பு வரிக்கு முன்னால் மட்டும் இருந்தது, பிறகு வரிக்கு நடுவிலும் வந்தது. பிறகு சொல்லுக்குச் சொல் வந்தது. நீங்கள் மைக்கை மாற்றிப் பார்த்தீர்கள். "அக்கா, மைக்க ஒட்டி உக்காராத, தள்ளி உக்காரு" என்றீர்கள். அவரும் தள்ளி உட்கார்ந்தார். வயதாகிறது என்று நினைத்தீர்கள். வேலை கூடியதே என்று சலித்துக்கொள்ளாமல், முன்பைவிடக் கவனமாக வெட்டினீர்கள். அக்காவின் குரல் இன்னும் அப்படியே இருக்கிறதே என்று ஊரெல்லாம் வியந்தது. ஒரு விழாவில் நடுவர்கள் அதற்காகவே பரிசும் கொடுத்தார்கள். பரிசைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா, "பாதி உனக்குடா" என்று உங்களிடம் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

வீட்டில் மகள் விடவில்லை. "அம்மா, இப்படி மூச்சு வாங்குதே, டாக்டர்கிட்ட போலாம்மா" என்று நாள் தவறாமல் நச்சரித்திருக்கிறார். அதற்கு அக்கா நம் படத்தைப் போட்டுக் காட்டுவாராம். "கேளுடி. ஒரு எடத்துலயாவது வாங்குதா? போன வாரம் படிச்சது. எனக்கு ஒண்ணும் இல்ல, மாடிப்படி ஏறுன களைப்பு." நீங்கள் செய்த வேலையின் சுத்தத்தை அவரே நம்பிவிட்டார். தனக்கு நோய் இல்லை என்பதற்குத் தம்பியின் கைவேலையைச் சாட்சியாக வைத்துக்கொண்டார். நுரையீரல் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டு வந்ததாக மருத்துவர் பிறகு சொன்னார். "இவ்வளவு நாள் ஏன் கூட்டிட்டு வரல?" என்று அவர் கேட்டபோது நீங்கள் அந்த அறையில்தான் இருந்தீர்கள்.

அக்கா கடைசியாக வாசித்தது வீடு மாறுகிறவர்களைப் பற்றிய கவிதை.

எல்லாவற்றையும் ஏற்றியாகிவிட்டது.
படம் மாட்டியிருந்த சுவரின் வெளிர்ச்சதுரம் மட்டும்
வண்டியில் ஏற மாட்டேன் என்கிறது.

இப்படிப் போகும் அது. கடைசி வரிக்கு முன்னால் அக்கா நீளமாக ஒரு மூச்சை இழுத்தார். வரி வரவில்லை. "கண்ண இருட்டுதுடா. நாளைக்குப் படிச்சுக்கலாம்" என்று எழுந்தார். மறுநாள் மருத்துவமனை; அந்த வாரமே எல்லாம் முடிந்துவிட்டது.

படம் மட்டும் முடியாமல் கிடந்தது. அந்தக் கடைசி வரியை வேறு குரலில் பதிவுசெய்யலாம் என்று மேலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஓய்வு நாள் நெருங்கியதும் நீங்களே எங்களைக் கூப்பிட்டு, "இத முடிச்சுட்டுப் போறேன். ஆனா ஒரு மூச்சக்கூட வெட்டப் போறதில்ல. அவ எப்படிப் படிச்சாளோ அப்படியே போகட்டும். நான் மறைச்சது போதும்" என்றீர்கள். சட்டம் போட்டவரே சட்டத்தை மீறுகிறார் என்று நாங்கள் நினைக்கவில்லை. உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளும் தண்டனை அது என்று எங்களுக்குப் புரிந்தது.

வெளியிடும் முன் அக்கா மகளுக்குக் காட்ட வேண்டும் என்றீர்கள். ஆசிரியை அல்லவா, பள்ளி விட்டதும் வந்தார், விரலில் இன்னும் சாக்பீஸ் தூள் இருந்தது. திரையில் வீடு இல்லை, வண்டி இல்லை. ஒரு சலவைக் கடையில், இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் யாருடைய துணிகளோ சுழன்றுகொண்டிருந்தன. குரல் வந்தது. சொல், மூச்சு, சொல், மூச்சு. மூன்று வரி தாண்டவில்லை. அவர் மேசை மேல் கையை வைத்தார்.

"நிறுத்துங்க மாமா."

நிறுத்தினீர்கள்.

"இந்தச் சத்தத்தோடதான் ரெண்டு வருசம் வீட்டுல படுத்தோம். எப்ப நிக்குமோன்னு கேட்டுக்கிட்டே படுத்தோம். இத எனக்கு யாரும் போட்டுக் காட்ட வேண்டாம்."

"நான் பண்ணது ஊருக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டீர்கள்.

"தெரியணும்னா எழுதிச் சொல்லுங்க. மேடை போட்டுச் சொல்லுங்க, நான் வந்து முன்னால உக்காந்து கேக்குறேன். உங்க தண்டனைக்கு அம்மாவ ஏன் மூச்சுத் திணற வைக்கிறீங்க? எங்கம்மா திணறாம பேசுறது உங்க படத்துல மட்டுந்தான் மாமா. அதையும் எடுத்துறாதீங்க."

உங்களை மன்னித்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. நீங்கள் அதைக் கேட்கவில்லை. அவர் போன பிறகு கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்தீர்கள். எங்களை உள்ளே வரச் சொன்னதாகவே அதை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு மூச்சாக வெட்டினீர்கள். அக்கா இருந்தபோது அதைக் கழிவு என்று தள்ளியவர், இந்த முறை ஒவ்வொன்றையும் ஒரு தடவை முழுதாகக் கேட்டுவிட்டு வெட்டினீர்கள். அடைப்பதற்கு அமைதி வேண்டும் என்றபோது நாங்கள் யாரும் சொல்லாமலே உட்கார்ந்தோம். இந்தப் பிரிவில் அப்படி ஒரு அமைதி அதற்கு முன் பதிவானதில்லை.

எல்லாம் முடிந்து அந்தக் கடைசி மூச்சு மட்டும் மிஞ்சியது, வராத வரிக்காக அக்கா இழுத்த மூச்சு. அதையாவது விட்டுவிடுங்கள் என்று நாங்கள் கெஞ்சினோம். ஒளிப்பதிவாளர் உங்கள் தோளைப் பிடித்தே கேட்டார். "அது இருந்தா கேக்குறவன் அடுத்த வரிக்குக் காத்துக்கிட்டு இருப்பான்" என்றீர்கள். "வராது." பிறகு அதையும் வெட்டினீர்கள். இயந்திரம் நிற்கிறது, துணிகள் ஒவ்வொன்றாக அடியில் சரிகின்றன, படம் முடிகிறது. இந்த வாசிப்பு முடிந்ததும் அதைத்தான் இங்கே திரையிடப்போகிறோம்.

பெருமதிப்புக்குரிய கத்தரியாரே! இனி வாழ்த்த வேண்டிய இடம். நோய் நொடியின்றி நெடுங்காலம் வாழ்க என்று எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் எங்களுக்கும் காது இருக்கிறது. சில மாதங்களாக நீங்கள் மாடிக்கு வரும்போது நடுத்தளத்தில் நின்று அறிவிப்புப் பலகையைப் படிக்கிறீர்கள். அந்தப் பலகையில் வெகுநாளாக எதுவும் ஒட்டப்படவில்லை. வருகிற திங்கட்கிழமை காலை அக்கா மகள் வண்டியோடு உங்கள் வீட்டு வாசலில் நிற்பார். மருத்துவரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. முரண்டு பிடித்தால் நாங்கள் எல்லோரும் வருவோம். படியேறும்போது உங்கள் நெஞ்சிலிருந்து வரும் சத்தம் என்னவென்று நீங்களே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்கள் மறைத்தால் நாங்கள் சொல்லிவிடுவோம், ஏனென்றால் நாங்கள் அதைக் கேட்டுவிட்டோம்.

இனி நீங்கள் இல்லாத தொகுப்பறையின் முன் நின்று,
கவிதைப் படப் பிரிவின் பணியாளர்கள்