மீன்சுருட்டிக்கும் ரெட்டிபாளையத்துக்கும் ஒரு நேர்வழி

மாலையும் மரியாதையுமாக இந்த மேடையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் வெள்ளாறு பால் உற்பத்தியாளர் கம்பெனியின் தலைவர் திருமுருகன் அவர்களே! இரண்டு வருஷத்துக்கு முன்னால், வைகாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறேகால் மணிக்கு என்னிடம் போனில் சிரித்த சிரிப்பை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை, தலைவர் அவர்களே! தலைவருக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் அமர்ந்து, அன்றைக்கு அந்தச் சிரிப்புக்குத் துணைச்சிரிப்பு சிரித்த இயக்குநர் பெருமக்களே! மடியில் பெட்டியும் முகத்தில் புன்னகையுமாகச் சென்னையிலிருந்து வந்திருக்கும் தம்பி பிரேம் அவர்களே! எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கும் மகள் வெற்றிச்செல்வியே! கோழி கூவுமுன் எழுந்து, கன்றை அவிழ்த்து, காம்பைக் கழுவி, கால் கடுக்க வரிசையில் நின்று பால் ஊற்றுகிற என் தாய்மார்களே! பெரியோர்களே! ரெட்டிபாளையம் வரிசையிலே, ஏழாவது நாற்காலியிலே, தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் செங்கமலமே! உங்கள் அனைவருக்கும் மீன்சுருட்டிக் கிளைப் பொறுப்பாளர் சின்னம்மாள் கைகூப்பி வணக்கம் சொல்கிறேன்.

மூன்று நிமிஷம் என்று சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கட்டும். பதினோரு வருஷம் வாய் திறக்காமல் ஒரு தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தவளுக்கு மூன்று நிமிஷம் போதுமா? போதாது! சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். தாய்மார்கள் கை தட்டுகிறார்கள், தலைவரே. நேரம் அவர்கள் கொடுத்தது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் பாதி. ஆனாலும் இன்றைக்கு இங்கே வாசிக்கப்பட்ட தீர்மானம் எனக்குப் புரிந்தது. நம்முடைய ஏழு கிளைகளையும் பெரம்பலூர் தலைமை ஆபீசோடு இணைக்கிற நெட்வொர்க் பழசாகிவிட்டது. புதுசு போட வேண்டும். இரண்டு திட்டம் வந்திருக்கிறது. கை தூக்கி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்கிறார்கள். முதல் திட்டம், தம்பி பிரேம் கொண்டு வந்தது. எல்லாக் கிளையிலிருந்தும் ஒவ்வொரு வயர் நேராகப் பெரம்பலூருக்கு வரும். இரண்டாவது, வெற்றிச்செல்வி சோதித்துப் பார்த்தது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிக்கு ஒரு வயர், ஒரு சிம். ஒரு வழி அடைத்தால் மறுவழியில் தானே திரும்பிக்கொள்ளும்.

முதல் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், ஒரு வரி இருக்கிறது. வெற்றிச்செல்வியை விட்டு மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். “வயர் இழுக்கச் சிரமமான கிளைகளை அடுத்த கிளையோடு சேர்த்துவிடலாம்.” எந்தக் கிளை அது? ஆலத்தியூரா? இல்லை. ஜெயங்கொண்டமா? இல்லை. மீன்சுருட்டி! என் மீன்சுருட்டி! அந்த ஒற்றை வரியில் என் கொட்டகைக்குப் பூட்டு இருக்கிறது. அதனால்தான் இந்த மேடையில் ஏறினேன்.

தாய்மார்களே, அந்த வைகாசி செவ்வாய்க்கிழமையின் கதையைச் சொல்கிறேன். பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதியை இன்றைக்குச் சொல்கிறேன்.

அதற்கு முந்தைய வருஷம் மீன்சுருட்டிக்கு இரண்டு கம்பெனியிடமிருந்து இரண்டு வயர் வாங்கினோம். ஒன்று அறுந்தாலும் ஒன்று இருக்கும் என்றார்கள். என்ன கொண்டாட்டம்! மெஷினுக்கு மாலை! தேங்காய் உடைப்பு! தலைவர் வந்து பேசினார். அந்த இரண்டு வயர் வழியாகத்தான் பால் குளிரூட்டும் தொட்டியின் சூடு பெரம்பலூர் ஸ்கிரீனுக்குப் போகும். எங்கள் ஆபீஸ் போனும் அதே வயரில்தான். தொட்டியின் மேலே சூடு காட்டுகிற முள் உடைந்தது. மாற்றித் தாருங்கள் என்று ஐந்து தடவை கேட்டேன். “பெரம்பலூர்லேர்ந்து பாத்துக்கிட்டேதான இருக்கோம், அப்புறம் முள்ளு எதுக்கும்மா?” என்றார்கள். சரி, பார்த்துக்கொள்கிறார்கள் என்று நாங்களும் நம்பினோம்.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு பத்து. சுண்ணாம்புக்கல் கொட்டிவிட்டு வந்த ஒரு டிப்பர்க்காரன், தூக்கிய தொட்டியை இறக்காமலே எங்கள் திருப்பத்தில் வந்தான். வயரை வாரிக்கொண்டு போனான். ஒரு வயரையா? இரண்டையும்! இரண்டு கம்பெனி, இரண்டு பில், இரண்டு மாலை; ஆனால் கட்டியிருந்தது ஒரே போஸ்ட்!

ஆமாம், சிரியுங்கள். நானும் இப்போது சிரிக்கிறேன்.

நான் ரோட்டில் நின்று டிப்பர்க்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது என்னோடு மீன்சுருட்டியில் வேலை பார்த்த செங்கமலம் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்குக் கரண்ட் குறைந்து குளிரூட்டும் மெஷின் நின்றது எங்கள் இருவருக்கும் தெரியாது. சூடு ஏறினால் பெரம்பலூரிலிருந்து கூப்பிடுவார்களே! கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவார்கள்? போனும் செத்துக் கிடந்தது. கொட்டகைக்குள் செல்போனுக்கு டவரும் எடுக்காது. ஆறு மணிக்கு வண்டிக்காரர் வந்து மூடியைத் திறந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறுபத்து மூன்று வீட்டுப் பால், தாய்மார்களே! அறுபத்து மூன்று வீட்டு விடியற்காலை, புளித்துப் போய்க் கிடந்தது.

டீக்கடைப் போனில் தலைவரைக் கூப்பிட்டேன். என்ன சொன்னார்?

“என்னம்மா சொல்றீங்க, இங்க ஸ்கிரீன்ல நாலு டிகிரி காட்டுது. பச்சையா இருக்கு.”

“சார், பாலு புளிச்சுப் போச்சுங்க. மூக்குல ஏறுதுங்க.”

“மெஷினை நம்பறதா, ஒங்க மூக்கை நம்பறதா?” ஒரு சிரிப்பு. பக்கத்திலிருந்த இயக்குநர்களும் சேர்ந்து சிரித்தது போனில் கேட்டது.

வயர் அறுந்ததும் அந்த ஸ்கிரீன் கடைசியாகப் பார்த்த எண்ணையே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது என்று மறுநாள்தான் வெற்றிச்செல்வி கண்டுபிடித்தாள். பெரம்பலூரில் பச்சை; மீன்சுருட்டியில் புளிப்பு! பெரம்பலூரில் நாலு டிகிரி, மீன்சுருட்டியில் நாதியில்லை! பெரம்பலூரில் சிரிப்பு, மீன்சுருட்டியில் சாக்கடை ஓரம் வெள்ளையாக ஓடியது எங்கள் உழைப்பு!

தலைவர் ஏதோ சொல்ல வருகிறார். அப்புறம் சொல்லுங்கள், தலைவரே. நான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். நீங்கள் கொஞ்ச நேரம் காத்திருக்கலாம்.

இப்போது திட்டத்துக்கு வருகிறேன். போன மாதம் தம்பி பிரேம் பெரம்பலூரில், ஏசி அறையில், அவருடைய நெட்வொர்க்கை ஓட்டிக் காட்டினார். அழகாக ஓடியது. நான் எழுந்து போய் அந்த வயரில் கை வைத்தேன். என்ன பதற்றம்! “அம்மா, அதைப் புடுங்கக் கூடாதும்மா!” என்றார். “ஏன் தம்பி?” என்றேன். “புடுங்கினா நின்னுடும்மா” என்றார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. நன்றாக இருக்கட்டும். ஆனால் தம்பி, எங்கள் ஊரில் வயரைப் பிடுங்குவது நான் இல்லை. டிப்பர் பிடுங்குகிறது, மழை பிடுங்குகிறது, பள்ளம் தோண்டுகிறவன் பிடுங்குகிறான். அவர்களிடம் போய் “கூடாதும்மா” என்று யார் சொல்வது?

வெற்றிச்செல்வி இரண்டாவது திட்டத்தின் பெட்டியை என் கொட்டகைக்கே கொண்டு வந்தாள். ஒரு மாதம் வைத்தாள். வண்டி வந்து நிற்கிற நேரத்தில், தொட்டி நிறைந்திருக்கிற நேரத்தில், “அம்மாயி, நீங்களே புடுங்குங்க” என்றாள். பிடுங்கினேன்! பெரம்பலூர் ஸ்கிரீனில் எண் நிற்கவில்லை. கூரைமேல் கட்டிய ஏரியல் வழியாக சிம் பிடித்துக்கொண்டது. பேசிக்கொண்டிருந்த போன் ஒரு விக்கல் விக்கியது, அவ்வளவுதான். பிறகு சிம்மையும் பிடுங்கினேன். அப்போது பெரம்பலூர் ஸ்கிரீன் பச்சையில் நிற்கவில்லை, சிவந்தது! “மீன்சுருட்டி தெரியவில்லை” என்று எழுதிக் காட்டியது! பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, நான் இல்லை என்றால் இல்லை என்று சொல்ல ஒருத்தருக்குத் தெரிந்தது, தாய்மார்களே.

அதில் குறையே இல்லையா? இருக்கிறது. சிம்மில் போகும்போது மெதுவாகத்தான் போகும். கரண்ட் நின்றால் பெட்டிக்குத் தனியாக பேட்டரி வைக்க வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன், எந்தத் திட்டத்தை எடுத்தாலும் இது வேண்டும்: கையெழுத்துப் போடுமுன் தலைவர் ஒவ்வொரு கிளைக்கும் வந்து, வயர் வருகிற வழியைக் காலால் நடந்து பார்க்க வேண்டும். எந்தப் போஸ்ட், எந்தத் திருப்பம், எந்தப் பள்ளம் என்று பார்க்க வேண்டும். காகிதத்தில் இரண்டு கோடு தனித்தனியாகத்தான் இருக்கும். ரோட்டில் வந்து பார்த்தால்தான் இரண்டும் ஒரே போஸ்ட்டில் தொங்குவது தெரியும்.

ஒரே போஸ்ட். இங்கேதான் மீதிக் கதை.

பால் கெட்டதற்கு விசாரணை வைத்தார்கள். இதே பெரம்பலூரில், மாடி அறையில். “ரெண்டு கம்பெனி ஆளுங்களுக்கும் அதே போஸ்ட்டைக் காட்டினது யாரு?” என்று கேட்டார்கள். நான் வாய் திறக்குமுன் செங்கமலம் எழுந்தாள். “நான்தாங்க” என்றாள். அவளைத் தண்டனையாக ரெட்டிபாளையத்துக்கு மாற்றினார்கள். மாடிப்படி இறங்கும்போது அவள் கையைப் பிடித்து, “ஏண்டி அப்படிச் சொன்ன?” என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“எனக்கு வூட்டுல ஆளு இருக்கு அக்கா. ஒனக்கு இந்தக் கொட்டாயை விட்டா யாரு இருக்கா?”

என் பேரப்பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் போய்ப் பன்னிரண்டு வருஷம். அவள் சொன்னது அவ்வளவும் உண்மை. அந்த உண்மைக்காகவே அவள் மேல் வஞ்சம் வைத்தேன்! டிப்பர்க்காரன் மேல் வைத்தேன், தலைவர் மேல் வைத்தேன், துணைச்சிரிப்புச் சிரித்தவர்கள் மேல் வைத்தேன். எனக்காகப் பழி சுமந்து போனவள் மேலும் வைத்தேன். ஒரே ஒருத்தி மேல் மட்டும் வைக்க மறந்தேன்.

அந்தப் போஸ்ட்டைக் காட்டியது நான்.

ஆமாம் தலைவரே, நான்தான். முதல் கம்பெனி ஆள் வந்தான், “இது நம்ம வாசல் போஸ்ட்டு, இதுல கட்டு தம்பி” என்றேன். இரண்டாவது ஆள் வேறு பக்கம் போகப் பார்த்தான். “அங்க எதுக்குப்பா போற, இதுலயே கட்டு, நம்ம கண்ணு முன்னாடி இருக்கும்” என்று கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, ஏணியையும் பிடித்துக்கொண்டேன். கண் முன்னால் இருந்தால் பத்திரம் என்று நினைத்தேன். செங்கமலம் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை. மாட்டுக்கு ஊசி போடப் போயிருந்தாள். இந்தச் சபை குறித்துக்கொள்ளட்டும். செங்கமலம் மேல் ஒரு துளிக் குற்றமும் இல்லை!

எழுந்திருக்காதே செங்கமலம். உட்காரு. இன்னும் முடிக்கலை.

போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன். பஸ் ஏறி ரெட்டிபாளையம் போனேன். இறங்கினேன். எதிர்த்த பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்தேன். செல்போன் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. அவள் நம்பரும் மனப்பாடம். ஆனால் அதில் கூப்பிட்டால் நானாகக் கூப்பிட்டதாகிவிடும். ஆபீஸ் போன் என்றால் வேலை விஷயம். என் கொட்டகையில் கிளம்புகிற பால்வண்டி ரெட்டிபாளையம் போய்த்தான் பெரம்பலூர் வருகிறது. “வண்டி கிளம்பிருச்சு” என்று அங்கே சொல்ல வேண்டியவள் நான். ஆனால் இப்போதுள்ள ஏற்பாட்டில் என் குரல் முதலில் பெரம்பலூர் போக வேண்டும். ஆபரேட்டர், “என்ன விஷயம் சொல்லுங்க, நான் சொல்லிக்கிறேன்” என்பார். இரண்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் நான் சொல்கிற வார்த்தை வேறொருவர் வாயால் அவள் காதுக்குப் போகிறது. தம்பி பிரேமின் திட்டத்திலும் அப்படியேதான். இரண்டாவது திட்டத்தில் கிளையும் கிளையும் நேராகப் பேசிக்கொள்ளலாம். நடுவில் யாரும் இல்லை!

இது சொந்தக் காரணம் இல்லையா என்று தலைவர் கேட்கலாம். சொந்தக் காரணம்தான்! ஆலத்தியூரில் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கும் ஒன்று இருக்கும். ஏழு கொட்டகையில் ஏழு பேர். ஒருத்தர் குரல் ஒருத்தருக்குக் கேட்காத ஏழு பேர்! பெரம்பலூரிலிருந்து பார்த்தால் அது கிளை. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் அது தனிமை! ஏசி அறையில் எது அழகாக ஓடுகிறது என்று பார்க்காதீர்கள். கடைசிக் கொட்டகையில், வயர் அறுந்த மத்தியானத்தில், எது அந்தப் பொம்பளையைக் கைவிடாது என்று பாருங்கள். பார்த்துவிட்டுக் கை தூக்குங்கள்!

உண்மையை மறைத்ததற்காக என்னைப் பொறுப்பிலிருந்து நீக்குவதானால் நீக்குங்கள்; மறுக்கமாட்டேன். கிளையை மட்டும் மூடாதீர்கள். நீக்கவில்லையென்றால், புதுப் பெட்டி வந்த அன்று சாயங்காலம், வண்டி நகர்ந்ததும் நான் போனை எடுப்பேன். ரெட்டிபாளையத்தில் மணி அடிக்கும். “வண்டி கிளம்பிருச்சு” என்பேன். செங்கமலம், அதோடு வேலை விஷயம் முடிந்துவிடும். நான் போனை வைக்கமாட்டேன். நீயும் வைத்துவிடாதே.

சீட்டை வாங்கிக்கொண்டும் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், பிடுங்க விடாத தம்பிக்கும், பிடுங்கச் சொன்ன மகளுக்கும், கறவை நேரத்தையும் மறந்து கேட்டுக்கொண்டிருந்த என் தாய்மார்களுக்கும் நன்றி. மீன்சுருட்டியின் வணக்கம், முதலில் ஏழாவது நாற்காலிக்கு.