ஆள் இருக்கு

ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறே முக்கால். குவாரிக்குப் போகும் சாலை...

இருங்கள். முதலில் அந்த ஜாக்கியை இறக்குங்கள். வண்டி நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகு சொல்கிறேன். என்ன சிரிப்பு? இந்தக் கதையில் ஒரு ஆள் செத்ததே சிரிப்பால்தான். சிரித்தால் எனக்குக் கோபம் வரும்... ஏற்கெனவே வந்துவிட்டது.

சரி. கிட்டே வந்து உட்காருங்கள்.

இது என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது. நண்பன் எலக்ட்ரீஷியன். மச்சான், அவன் மனைவியின் தம்பி. வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை. அவனை எல்லோரும் மச்சான் என்றே கூப்பிடுவோம். இவர்கள் இரண்டு பேர், ஒரு பல் டாக்டர், ஒரு தையல்காரர். நான்கு பேருக்கும் பழைய கார் என்றால் பைத்தியம். ஞாயிறு விடிந்தால் டாக்டர் வீட்டுக் கார் ஷெட்டில் கூடிவிடுவார்கள். மெக்கானிக் வேலை படித்தவர் ஒருவரும் இல்லை. பிரிப்பார்கள், மாட்டுவார்கள், மறுபடி பிரிப்பார்கள். மாட்டி முடித்ததும் எப்போதும் நான்கைந்து நட்டு மிச்சமிருக்கும். "வண்டி எடை குறைஞ்சிருக்கு. இனி நல்லா ஓடும் பாருங்க" என்பார் டாக்டர்.

கார்புரேட்டரின் சின்னத் துளைகளை அவர் பல் சுரண்டுகிற கம்பியால்தான் சுத்தம் செய்வார். "வாயை நல்லாத் திறங்க... வலிக்காது" என்று அதனிடம் பேசுவார். எலக்ட்ரீஷியன் ஒருமுறை வயரை மாற்றிக் கொடுத்துவிட்டான்; பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. அதைச் சரிசெய்ய மனமில்லாமல் ஒரு மாதம் அப்படியே ஓட்டினார்கள். அப்படி ஒரு கூட்டம். நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். சிரித்துச் சிரித்து விலா நோகும்.

தையல்காரருக்கு அங்கே பட்டப்பெயர் இன்சூரன்ஸ். அவ்வளவு ஜாக்கிரதை. ஜாக்கியால் வண்டியைத் தூக்கியதும், இரண்டு பக்கமும் மூன்று கால் இரும்பு ஸ்டாண்டு வைப்பார். இரண்டு கையாலும் வண்டியை ஆட்டிப் பார்ப்பார். சுற்றி வந்து மறுபடி ஆட்டுவார். அப்புறம்தான் தலை உள்ளே போகும். ஷெட்டில் ஒரு சட்டம் போட்டதும் அவர்தான். வண்டியில் யார் கை வைத்தாலும் முதலில் "ஆள் இருக்கா?" என்று கேட்க வேண்டும். அடியில் இருப்பவர் "இருக்கு!" என்று சொல்ல வேண்டும்.

"நாற்காலியில உக்காரும்போதும் ஆட்டிப் பாப்பீங்களாண்ணே?" என்று மச்சான் கேட்பான்.

"பாப்பேன்" என்பார், முகம் மாறாமல்.

அவரிடம் ஒரு சின்னப் பச்சைக் கார் இருந்தது. துருப்பிடித்த கூடாக வாங்கியது. நாலு வருஷ உழைப்பு. சீட்டுகூட அவரே தைத்தது.

அன்றும் ஞாயிறுதான். அந்தப் பச்சைக் காருக்கு அடியில் அவர் கிடந்தார். பக்கத்தில் டாக்டரின் காருக்குச் சக்கரம் மாற்ற ஒரு ஸ்டாண்டு தேவைப்பட்டது. டாக்டர் நேராக வந்து, ஜாக்கியை இரண்டு அழுத்து அழுத்தி, இன்சூரன்ஸ் வைத்திருந்த வலதுபக்க ஸ்டாண்டை உருவினார். எதுவும் கேட்கவில்லை.

அடியிலிருந்து குரல் வந்தது. "டாக்டர்! ஆள் இருக்கு!"

"தெரியும்யா இன்சூரன்ஸ். ரெண்டே நிமிஷம். ஜாக்கிதான் நிக்குதே."

"ஸ்டாண்டை வைங்க டாக்டர். விளையாடாதீங்க."

"பிரீமியம் கட்டிட்டீங்கல்ல, அப்புறம் என்ன பயம்?"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரித்தான். என் நண்பனும் சிரித்தான். சிரிப்பு ஓயவில்லை... ஜாக்கி 'ஸ்ஸ்ஸ்' என்றது. அவ்வளவுதான். வெளியே தெரிந்த இரண்டு கால்களும் ஒருமுறை மடங்கி, நீண்டன.

இனிமேல்தான் என் வயிறு எரிகிற இடம்.

போலீஸ் வருவதற்குள் டாக்டர் அந்த ஸ்டாண்டைத் துடைத்து மூலையில் வைத்துவிட்டார். "அவரே வைக்க மறந்துட்டாரு. நாம அப்படித்தான் சொல்லணும்" என்றார். "போனவர் திரும்பி வரப்போறதில்லை. இருக்கிறவங்க எதுக்கு ஜெயிலுக்குப் போகணும்?" மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். என் நண்பன்தான்... இருந்தாலும் சொல்கிறேன், தலையாட்டினான். நாற்காலியைக்கூட ஆட்டிப் பார்க்கிற மனிதர் கவனக் குறைவால் செத்தார் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

அவர் மனைவி மட்டும் நம்பவில்லை. "என் வீட்டுக்காரரா மறந்தாரு? அவரா?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

மூன்று மாதம் போனது. டாக்டருக்கு ஒரு யோசனை. "அந்தப் பச்சை வண்டியை முடிச்சு வீட்டம்மாகிட்ட கொடுத்துடுவோம். மனசு ஆறும்." யாருடைய மனசு என்று எவனும் கேட்கவில்லை. முடித்தார்கள். ஓட்டிப் பார்க்கக் குவாரிச் சாலைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே லாரி வராது. வீடு கிடையாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். விளக்குக் கம்பம்கூட இல்லை.

மச்சான் ஓட்டினான். பக்கத்தில் டாக்டர். பின்னால் எலக்ட்ரீஷியன்.

மூன்றாவது வளைவில் சத்தம் கேட்டது. வண்டிக்கு அடியில்... கிர்ர்ரிக். கிர்ர்ரிக். கிர்ர்ரிக். நட்டு முடுக்குகிற ஸ்பேனர் போடுகிற சத்தம்.

"சைலன்சர் கிளாம்ப் லூசு. நிறுத்து" என்றார் டாக்டர்.

நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். சக்கரம் ஓடவில்லை. காற்று இல்லை.

கிர்ர்ரிக்... கிர்ர்ரிக்...

பிறகு அதுவும் நின்றது.

"சூடு ஆறுது. இரும்பு சுருங்குற சத்தம்" என்றார் டாக்டர். டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்துப் போட்டுத் தூக்கினார். "மச்சான், நீதான் ஒல்லி. உள்ள போய்ப் பாரு."

"ஸ்டாண்டு?"

"எடுத்துட்டு வரலை. ரெண்டு நிமிஷ வேலைடா. நீயும் இன்சூரன்ஸ் ஆயிட்டியா?"

மச்சானுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. செத்தவரை வைத்து இன்னும் கிண்டலா? கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. அந்தக் கோபத்தோடேயே, பயந்தவன் என்று பெயர் வரக் கூடாது என்று, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மல்லாந்து உள்ளே நகர்ந்தான். அந்த வயதுக்கு உள்ள கிறுக்கு.

கிளாம்ப் இறுக்கமாக இருந்தது. எல்லா நட்டும் இறுக்கமாக இருந்தது. தொட்டுப் பார்த்தான். இப்போதுதான் யாரோ முடுக்கியதுபோல் பளபளவென்று... கை ரேகை படிந்த புது கிரீஸ்.

அப்போது ஒரு வாசனை. கார் எண்ணெய் இல்லை. அதைவிட மெல்லியது. தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெய். அதோடு துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் தூள். மச்சானுக்கு மூக்கு அரித்தது. தும்மல் வரவில்லை.

வெளியே டாக்டர் வண்டியில் கை வைத்தார். பழக்க தோஷம், கேட்டார்.

"ஆள் இருக்கா?"

"இருக்கு" என்றான் மச்சான், டார்ச்சைக் கடித்தபடியே.

"இருக்கு" என்றது இன்னொரு குரல்.

மச்சானின் இடது காதுக்குப் பக்கத்தில். பக்கத்துத் தலையணையில் படுத்திருப்பவர் பேசுகிற தூரத்தில். வாயிலிருந்து டார்ச் விழுந்து உருண்டது. அவன் தலையைத் திருப்பவில்லை. அதனால்தான் தான் உயிரோடு இருப்பதாக இன்றுவரை சொல்கிறான்... திருப்பவில்லை.

ஸ்ஸ்ஸ்...

ஜாக்கி இறங்கியது. ஒரு விரற்கடை. நின்றது.

"ஸ்டாண்டை எடுத்தது யாரு?"

சாதாரணக் குரல்தான். கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவன் குரல். வெளியே நின்ற எலக்ட்ரீஷியனுக்கும் கேட்டது. அவன் ஓடிவந்து ஜாக்கிக் கம்பியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தினான். கம்பி அசைகிறது, வண்டி ஏறவில்லை.

"டாக்டர்! சொல்லுங்க டாக்டர்!" என்று உள்ளேயிருந்து மச்சான் அலறினான்.

டாக்டர் சொன்னார். என்ன சொன்னார் தெரியுமா? வண்டிக்கு அடியில் உயிரோடு ஒரு பையன் கிடக்கிறான். அப்போதும் சொன்னார்:

"அவருதான்... அவருதான் வைக்க மறந்துட்டாரு."

ஸ்ஸ்ஸ்...

இரும்பு மச்சானின் நெஞ்சைத் தொட்டது. சூடு சட்டையைத் தாண்டியது. அவனுக்குப் பயம் போய்விட்டது என்றான். நிஜமாகவே போய்விட்டதாம். அங்கே ஆத்திரம் மட்டும்தான் இருந்தது. டாக்டர்மேல். தன்மேல்.

"டாக்டர்தான் எடுத்தாரு! நான் பாத்தேன்! நாங்க சிரிச்சோம்! போலீஸ்ல பொய் சொன்னோம்! நானும்தான் சொன்னேன்! நானும்தான்!"

சத்தம் நின்றது. இரும்பு அதே இடத்தில் நின்றது. எலக்ட்ரீஷியன் அவன் காலைப் பிடித்து ஒரே இழுப்பில் வெளியே போட்டான். அடுத்த நொடி வண்டி தொப்பென்று உட்கார்ந்தது. சக்கரத்துக்கு அடியில் டார்ச் நொறுங்கியது.

டாக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "ஜாக்கி சீல் போயிருக்கு. வேற ஒண்ணுமில்லை."

மச்சான் எழுந்து போய் அவர் காலரைப் பிடித்தான். "ரெண்டு குரல் கேட்டுச்சா இல்லையா?"

"எதிரொலி. பக்கத்துல குவாரி."

"எதிரொலி கேள்வி கேக்குமா டாக்டர்?"

அவரை அங்கேயே விட்டுவிட்டு, வண்டியையும் விட்டுவிட்டு, இருவரும் நடந்தே தையல்காரர் வீட்டுக்குப் போனார்கள். அந்த அம்மா கணவர் பாதியில் விட்ட துணிகளைத் தைத்துக்கொண்டிருந்தார். மச்சான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். மெஷினிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்.

"சிரிச்சீங்களா?"

"சிரிச்சோம் அண்ணி."

"கடைக்கு வர்றவங்க எல்லாம் சொல்றாங்க, கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமேன்னு. மூணு மாசமா கேட்டுக் கேட்டு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்டா. அவர் படத்துக்கு முன்னால நின்னு திட்டினேன். எங்களை இப்படி விட்டுட்டுப் போயிட்டியே, உனக்கு அறிவு இல்லையான்னு... அந்த மனுஷனைத் திட்டினேன்டா நான்."

அழவில்லை. கத்தரிக்கோலை எடுத்துச் சுவரில் வீசினார். "எழுதுங்க. இப்பவே. ரெண்டு பேரும்."

எழுதினார்கள். விடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடவே போனார். பொய் சொன்னதற்கு இவர்கள் மேலும் வழக்கு. பரவாயில்லை என்றான் மச்சான். டாக்டர் மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "ரெண்டு பசங்களும் பயந்து உளறுறாங்க" என்று கோர்ட்டில் சொன்னார். வெள்ளைக் கோட்டு. கௌரவமான ஆள். வழக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

கதை அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

போன வாரம் எலக்ட்ரீஷியன் வந்தான். சில மாதம் முன்பு டாக்டர் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். எதிராகச் சாட்சி சொன்னவனை! வேறு யாரிடமும் காட்ட முடியாது என்றாராம். படுக்கை அறை மின்விசிறி தாழ்வாக இருக்கிறது, கை தூக்கினால் இறக்கை படுகிறது, தண்டை வெட்டிக் குட்டையாக்கு என்றார். வெட்டினான். ஒரு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார். மறுபடி வெட்டினான். மூன்றாவது முறை அவனுக்குச் சந்தேகம் வந்து டேப் வைத்துத் தரையிலிருந்து கூரைக்கு அளந்தான். ஏழே முக்கால் அடி. அந்த வீட்டுக்கு வயரிங் செய்தவனே அவன்தான். ஒன்பதரை அடிக் கூரை அது. வெளியே ஏணி போட்டுச் சுவரை அளந்தான். பழைய உயரம்தான். மொட்டை மாடியில் ஒரு விரிசல் இல்லை. உள்ளே ஒரு துளி சுண்ணாம்பு உதிரவில்லை.

"வேற ரூம்ல படுங்களேன் டாக்டர்."

"படுத்துப் பாத்துட்டேன்."

"ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டா என்ன?"

கதவைக் காட்டினாராம்.

நேற்றுக் காலையில் நான்காவது முறை கூப்பிட்டார். வெட்டத் தண்டு மிச்சமில்லை; விசிறியையே கழற்றிவிடு என்றார். ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான் என் நண்பன். ஏணி தேவைப்படவில்லை. நிற்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

கட்டில்மேல் உட்கார்ந்தபடியே கழற்றினான்.