நாக்கு நுனியில் வயல்

— மெதுவா வைங்க அண்ணி, கலக்கிடாதீங்க. இப்பத்தான் கரைச்ச வயல் மண்ணெல்லாம் அடியில உக்காந்திருக்கு. துணியில வடிகட்டி டம்ளர்ல ஊத்தித் தர்றேன்.

— கரண்ட் வரட்டுமே.

— உப்புப் பார்க்கிற நாக்குக்கு எதுக்கு வெளிச்சம்?

— அந்தச் சத்தம் கேட்டியா?

— காத்து அண்ணி. மழை வரப்போகுது.

— காத்து இப்படி உறுமாதுடி.

— சாயங்காலம் கரைக்குப் போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். கடல் இருந்த இடத்துலதான் இருக்கு.

— கடல் புகுந்த அன்னைக்கு உங்க அண்ணனும் இதையேதான் சொன்னாரு, கேட்டுக்கோ. வரப்புல நின்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

— உட்காருங்க. காலையில வயல்காரங்க எட்டுப் பேரும் சங்கக் கொட்டகைக்கு வந்துடுவாங்க. உங்க நாக்கு என்ன சொல்லுதுன்னுதான் முதல் கேள்வியே.

— விதைக்க வேண்டாம்னு சொல்லிடு.

— ருசி பார்க்காமலேயா?

— பயமா இருக்குடி. சங்கம் ஒரு தடவைதான் விதை தரும். கடல் புகுந்த மண்ணுல அதைப் போட்டுக் கருகிடுச்சுன்னா எட்டு வீட்டு அடுப்புக்கும் நான்ல பதில் சொல்லணும்?

— போடாட்டியும் நீங்கதான் சொல்லணும். இந்த மழையை விட்டா அடுத்த வருஷம்தான். குத்தகை கேட்டுக்கிட்டு இறால் பண்ணைக்காரன் நாளைக்கு மறுபடி வர்றான். ரெண்டு பேர் தலையை ஆட்டிட்டாங்க. ஒருத்தர் வயல்ல குட்டை வெட்டினாப் போதும், சத்தியமா, சுத்தியிருக்கிற அத்தனை வயலும் உப்பாயிடும்.

— சங்கத்துப் பொண்ணு ஏதோ உப்பு அளக்கற கருவி வச்சுப் பார்த்தாளாமே?

— சரியாயிடுச்சுன்னுதான் காட்டுச்சு. யார் நம்பினா? கடல் வந்தப்ப உன் கருவி அலமாரியில இருந்துச்சு, எங்க அக்கா தண்ணிக்குள்ள இருந்தாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

— பின்னே? தென்னையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு குடிச்சிருப்பேன். மூச்சு விட வாயைத் திறந்தா உள்ள வர்றது பூரா அதுதான்.

— போதும் அண்ணி. எனக்கு மட்டும் பயமில்லையா?

— உனக்கென்னடி பயம்?

— சங்கத் தலைவின்னு நாற்காலி போட்டு உட்கார வச்சுட்டீங்க. அதுல உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியும். ம், பிடிங்க. இது வடக்கு வயல்.

— கரிக்குது.

— லேசாவா?

— தொண்டை வரைக்கும்.

— நல்லா நாக்குல வச்சுப் பாருங்க அண்ணி. பெய்ஞ்ச மழையெல்லாம் அந்த வயலைக் கழுவிட்டுத்தானே ஓடுச்சு?

— எத்தனை தடவை கேட்டாலும் கரிக்கிறது கரிக்கிறதுதான். நம்ம தெற்கு வயலைக் கொடு. உங்க அண்ணன் கடைசியா நின்ன இடம். அது தேறியிருந்தாக்கூட நான் மத்தவங்களுக்குத் தைரியம் சொல்லுவேன்.

— வடிகட்டிட்டேன், இதோ. அய்யோ, என் பாப்பா முனகுறா. நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு வந்துடறேன், இருங்க.

— ஜுரம் விட்டுச்சா?

— வேர்த்திருக்கு. விட்டுடும்னு நினைக்கிறேன்.

— நீ அங்கேயே இரு. ஜன்னலோரம் டம்ளர் கைக்குத் தட்டுப்பட்டுடுச்சு. நானே பார்த்துக்கறேன்.

— அண்ணி, அது...

— தூ. வடக்கு வயலே தேவலாம்டி. இது கடல். அன்னைக்கு வாய்க்குள்ள வந்த அதே கடல். உங்க அண்ணன் நிலம் செத்துப் போச்சு, கேட்டுக்கோ. பண்ணைக்காரன் வந்தாக் கொடுத்துடச் சொல்லு எல்லாரையும்.

— தெற்கு வயல் தண்ணி இன்னும் என் கையிலதான் இருக்கு அண்ணி. நீங்க குடிச்சது, மருந்து கசக்குதுன்னு பாப்பாவுக்குக் கரைச்சு வச்ச சர்க்கரைத் தண்ணி.